தூங்கியது யார்? செய்தி எழுத்தில் தூக்கமும் துயிலும்

ஏதாவது ஒரு நாளின் செய்தித்தாளை எடுத்து, தூக்கம், உறக்கம், துயில் என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டுப் பாருங்கள். முதல் பக்கத்தில் நெடுஞ்சாலை விபத்து: ஓட்டுநரின் தூக்கக் கலக்கம். குற்றச் செய்தியில் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தவர் கொலை. அரசியல் பக்கத்தில் ஓர் எதிர்க்கட்சி அறிக்கை: அரசின் கும்பகர்ணத் தூக்கம். மாவட்டப் பக்கத்தில் தூங்கும் கோப்புகள். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் மீளாத் துயில். ஒரே சொல் ஐந்து இடங்களில் ஐந்து வேலை செய்கிறது. எழுதியவர்களில் எத்தனை பேர் அதை யோசித்து எழுதினார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தச் சொல்லில் இரண்டு ஆபத்துகள் உண்டு. உண்மையாகவே கண்மூடிக் கிடந்த மனிதரைப் பற்றி எழுதும்போது, நாம் நினைக்காமலேயே பழியை அவர் தலையில் ஏற்றிவிடும். விழித்திருந்து ஒரு காரியத்தைச் செய்த, அல்லது செய்ய மறுத்த ஒருவரைத் 'தூங்குகிறார்' என்று உருவகமாக எழுதும்போது, அவர் எடுத்த முடிவை மறைத்து வெறும் சோம்பலாகக் காட்டிவிடும். முதல் வகையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏழைகள். இரண்டாம் வகையில் தப்பித்துக்கொள்வது பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்கள். அதனால் நிருபரோ உதவி ஆசிரியரோ இந்தச் சொல்லைக் கண்டதும் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: இந்த வாக்கியம் பொறுப்பை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

தண்டவாளத்தில் படுத்தவர்கள்

2020 மே 8 அதிகாலை, மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே கர்மாட் பகுதியில், சரக்கு ரயில் ஏறி 16 புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஊரடங்கில் வேலை போயிற்று. சொந்த ஊருக்குச் சிறப்பு ரயில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இரவு முழுக்கத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தார்கள். நடந்த களைப்பில் அதன் மேலேயே படுத்துவிட்டார்கள். வழக்கமான பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டிருந்ததால் எந்த ரயிலும் வராது என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை நாடே பார்த்தது.

அன்றைய செய்தியைச் சுருக்கமாகச் சொல்ல எல்லோர் கைக்கும் எட்டிய தொடர், 'தண்டவாளத்தில் தூங்கிய தொழிலாளர்கள்'. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தலைப்பில் அந்த மூன்று சொற்கள் மட்டும் நின்றால், படிப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி, 'அங்கே போயா தூங்குவார்கள்?' என்பதே. ஒரு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் புலம்பெயர் தொழிலாளர் குறித்த மனு ஒன்று விசாரணைக்கு வந்தபோது, தண்டவாளத்தில் படுத்துத் தூங்கினால் யார் தடுக்க முடியும் என்ற பொருளில் அமர்விலிருந்தே கேள்வி வந்தது. ஏன் நடந்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள், ஏன் ரயில் வராது என்று நம்பினார்கள் என்ற மூன்றும் அந்தக் கேள்வியில் இல்லை.

இத்தகைய செய்தியில் தூக்கம் என்ற சொல்லை நீக்கச் சொல்லவில்லை. அதைத் தனியாக விடாதீர்கள் என்கிறேன். 'இரவெல்லாம் நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்த 16 தொழிலாளர்கள்' என்று எழுதச் சில சொற்கள்தான் கூடுதல். தலைப்பில் இடமில்லை என்றால் 'தூங்கிய' என்பதை விட்டுவிட்டு 'ஊருக்கு நடந்து சென்ற' என்பதை வையுங்கள். எதை விடுவது என்று வரும்போது, அந்த மனிதரை அங்கே கொண்டுவந்த காரணத்தை விடாதீர்கள்.

நடைபாதைக்கும் இதே நெறிதான். 'நடைபாதையில் தூங்கியவர் மீது கார் ஏறியது' என்ற வாக்கியத்தில் வழிப்போக்கர் ஒருவர் குடித்துவிட்டுப் படுத்த தோற்றம் வந்துவிடலாம். ஆனால் பெருநகரங்களில் அது பலருக்கு வீடு. அடுப்பும் துணிமூட்டையும் பிள்ளைகளும் அங்கேதான். மும்பை நடைபாதைவாசிகளை அகற்றும் முயற்சியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். அவர் பெயராலேயே அறியப்படும் 1985 தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வாங்கித்தந்த அந்த வெளிச்சத்தை நாமே அணைக்கக்கூடாது. அங்கே குடியிருப்பவர் என்று தெரிந்தால் 'நடைபாதையில் வசித்துவந்தவர்' என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு.

தூக்கம் ஓர் உரிமை என்பதையும் நிருபர் அறிந்திருக்கவேண்டும். 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில், பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை எழுப்பிப் போலீசார் விரட்டினார்கள். தானே முன்வந்து இதை விசாரித்த உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நீதிபதி பி.எஸ். சௌகான் தனியாக எழுதிய பகுதியில், உறக்கம் மனிதரின் அடிப்படைத் தேவை, வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று விரிவாகச் சொன்னார். குடிசை அகற்றம், நள்ளிரவுக் கைது, போராட்டப் பந்தல் கலைப்பு போன்ற செய்திகளில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா என்பது அலங்காரத் தகவல் இல்லை. மணி எத்தனை என்பதோடு சேர்த்துக் கட்டாயம் எழுதவேண்டியது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டபோதும் 'கருத்தரங்க அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்' என்ற வரி ஓடியது. நெடும்பணிக்குப் பிறகு பயிற்சி மருத்துவர்கள் படுக்க முறையான அறை இல்லாததை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. முதல் வரியோடு இந்த இரண்டாம் வரியும் வந்தால்தான் அது செய்தி.

ஓட்டுநரின் கண்

விபத்துச் செய்திகளில் மிக அதிகமாக ஓடும் வாக்கியம் இது: 'ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என்று போலீசார் தெரிவித்தனர்.' முதலில் அந்தக் கடைசி இரண்டு சொற்களை வெட்டிவிடாதீர்கள். விபத்து நடந்த சில மணி நேரத்தில் போலீசாருக்குத் தெரிந்திருப்பது டயர்த் தடம் இல்லாததும், நேரமும், வண்டி போன திசையும். அதிலிருந்து அவர்கள் செய்யும் ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அது ஊகம். ஓட்டுநர் இறந்திருந்தால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்தது, கலக்கம் என்ற சொல்லோடு செய்தியை முடித்துவிடாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு வினாடி கண் சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், யாரும் ஓட்டாமலே. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடல் தூக்கத்தையே கேட்கும். மன உறுதியால் அதைத் தள்ளிப்போட முடிவது கொஞ்ச நேரம்தான். ஆகவே கேட்கவேண்டியவை வேறு. வண்டியை எப்போது எடுத்தார்? மாற்று ஓட்டுநர் இருந்தாரா? முந்தைய நாள் இரவும் ஓட்டினாரா? சரக்கை எத்தனை மணிக்குள் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை வாங்கக்கூடாது என்றது. தூக்கக் கலக்கம் என்று எழுதும் ஒவ்வொரு செய்தியிலும் அத்தகைய வரம்புகளின் நிழல் இருக்கிறது. வண்டி உரிமையாளர் பெயர் அநேகமாகச் செய்தியிலேயே வராது என்பதைக் கவனியுங்கள்.

சரியான சொற்களும் நம்மிடம் உண்டு. ஒரு கணம் இமை மூடியது 'கண்ணயர்ந்தார்'. தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் தள்ளாடுவது 'தூக்கக் கலக்கம்'. இருக்கையில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிவிட்டது 'தூங்கிவிட்டார்'. மூன்றும் வெவ்வேறு. சாட்சி எதைச் சொன்னாரோ அதை எழுதுங்கள். 'அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்' என்று கொலைச் செய்திகளில் வருகிறதே, அந்த 'அயர்ந்து' எங்கிருந்து வந்தது? முதல் தகவல் அறிக்கையிலிருந்தா, எழுதியவரின் பழக்கத்திலிருந்தா? பழக்கத்திலிருந்து என்றால் வெட்டுங்கள்.

இந்தப் பகுதிக்கு நான் பாடமாக வைப்பது மங்களூரு விமான விபத்து. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் குன்றின் உச்சியில் மேசைபோல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில் நெடுநேரம் உரையாடலே இல்லை. குறட்டை ஒலி கேட்டது. விசாரணை நீதிமன்ற அறிக்கை வந்ததும் 'விமானி தூங்கியதால் 158 பேர் பலி' என்று எழுதத் தோன்றும். அது தவறு. இறங்கும் நேரத்தில் தலைமை விமானி விழித்திருந்தார்; அவர்தான் இறக்கினார். சரியான உயரத்திலும் வேகத்திலும் இல்லாத அந்த இறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை என்பதே அறிக்கை சொன்ன நேரடிக் காரணம். நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்ததும் சிறிது நேரம் முடிவெடுக்கும் திறன் மந்தமாக இருக்கும். அந்தத் தூக்க மந்தத்தைப் பங்களித்த காரணமாக அறிக்கை குறிப்பிட்டது.

இரண்டையும் பிரித்து எழுதுவது நுணுக்கம் பார்க்கும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் தூங்கினார் என்று எழுதினால், அடுத்த விபத்தைத் தடுக்கும் வழி விமானி தூங்காமல் இருப்பதோடு முடிந்துவிடுகிறது. உள்ளபடி எழுதினால், இளையவர் சொல்லை மூத்தவர் கேளாத விமானி அறை, பின்னிரவுப் பணி நேரம், ஓய்வுக்குப் பின் கட்டுப்பாட்டை ஏற்கும் முறை என்று விசாரிக்கவேண்டிய எல்லாமே வாசகர் முன் வருகின்றன. ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் போட்டதற்குக் கிடைக்கும் பயன் இவ்வளவு.

தூக்கம் அல்லாதவை

மயக்கம் தூக்கம் இல்லை. மயக்க மருந்தின் கீழ் இருப்பதும் கோமாவும் மூளைச்சாவும் தூக்கம் இல்லை. ஔரங்காபாத் விபத்துக்கு முந்தைய நாள், 2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே சரிந்தார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே 'உறங்குவதுபோல்' என்று எழுதுவது அழகு சேர்ப்பதாகத் தோன்றும். நஞ்சு செய்த வேலையை அது மென்மையாக்கிவிடும். மயங்கி விழுந்தார்கள் என்று எழுதுங்கள்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் 1973 நவம்பரில் பணியிடத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார். பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில்தான் 2011இல் உச்ச நீதிமன்றம் கருணைக்கொலை பற்றி விரிவாகப் பேசியது. '42 ஆண்டுத் தூக்கம்' என்பது இத்தகைய செய்திக்கு உடனே வாயில் வரும் தொடர். மருத்துவ உண்மை நேர்மாறானது. அந்த நிலையில் இருப்பவர்கள் கண் திறப்பார்கள், உறங்குவார்கள், விழிப்பார்கள், தன்னுணர்வுதான் இருக்காது. அவரைத் தொடர்ந்து பராமரித்த செவிலியர்களுக்கு அவர் எப்போது விழித்திருக்கிறார் என்பது தெரியும். மருத்துவர் சொன்ன நிலையின் பெயரை அப்படியே எழுதி, அதன் பொருளை ஒரு வரியில் விளக்குவதே நம் வேலை.

தூக்க மாத்திரை பற்றி ஒரே ஒரு கண்டிப்பான விதி. தற்கொலைச் செய்தியில் மாத்திரையின் பெயரோ எண்ணிக்கையோ வரக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் ஏற்ற நெறிமுறையும் இதையே சொல்கிறது. அத்தகைய மரணத்தை 'நிம்மதியான உறக்கம்', 'அமைதியைத் தேடிய துயில்' என்றெல்லாம் எழுதவே கூடாது. தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதைப் படிப்பார். அந்த வரி அவருக்கு வழி காட்டிவிடும்.

கோப்புகள் தூங்குவதில்லை

இப்போது உருவகத்துக்கு வருவோம். 'அரசு தூங்குகிறது', 'மாநகராட்சி உறங்குகிறது', 'கோப்பு தூங்குகிறது'. அறிக்கை விடும் தலைவர் இப்படிச் சொன்னால் அவர் சொன்னதாக எழுதுங்கள். அவர் நடை அவருக்கு. கும்பகர்ணனை அவர் எத்தனை முறை இழுத்தாலும் அது அவர் பாடு. (போர்க்களத்தில் அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தவனைச் சோம்பலுக்கு உவமையாக்குவது நியாயமா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.) ஆனால் செய்தியாளரின் சொந்தக் குரலில் இந்த உருவகம் வரக்கூடாது. காரணம், தூக்கம் தானாக வருவது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக அதில் குறிப்பு இல்லை. எழுப்பினால் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் அதற்குள் இருக்கிறது.

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 1996இல் மக்களவையில் வந்தது, 2023இல்தான் நிறைவேறியது. '27 ஆண்டுகள் தூங்கிய மசோதா' என்று எழுதினால் ஓசை நன்றாக இருக்கும். அந்த 27 ஆண்டுகளில் நடந்தது என்ன? 1998, 1999, 2008 என்று மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அவையிலேயே நகல்கள் கிழிக்கப்பட்டன. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அதன்பின் மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே 2014இல் காலாவதியானது. அந்த மசோதா ஒரு நாளும் தூங்கவில்லை. விழிப்போடு இருந்த பலர் சேர்ந்து அதை நகரவிடாமல் செய்தார்கள். தூக்கம் என்ற சொல் அவர்கள் எல்லோருடைய பெயரையும் அழித்துவிடுகிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் விவகாரமும் அப்படியே. அவர் உள்ளிட்டோரை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவருக்கே அதிகாரம் என்று ஆளுநர் தரப்பு 2021 ஜனவரியில் நிலை எடுத்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. 'ஆளுநர் மாளிகையில் தூங்கிய கோப்பு' என்ற தொடரைவிட, இந்த மூன்று தேதிகளையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும். விடுதலை சரியா தவறா என்பதில் வாசகர் எந்தப் பக்கம் நின்றாலும் தேதிகளோடு சண்டை போட முடியாது.

ஆகவே உதவி ஆசிரியருக்கு என் யோசனை: கோப்பு தூங்குகிறது என்று நிருபர் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்தது, அந்த மேசைக்காரர் பதவி என்ன, அவர் செய்யவேண்டியது என்ன, விதிப்படி எத்தனை நாளுக்குள் என்ற நான்கையும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. 30 நாளில் பதில் தரவேண்டும். பதில் கிடைத்தபின் தூக்கம் என்ற சொல் தேவைப்படாது. உருவகம் வேண்டும் என்றே தோன்றினால் 'கிடப்பில் போட்டார்' என்ற வழக்கு மேலானது, ஏனென்றால் அதற்கு ஓர் எழுவாய் வேண்டும். போட்டவர் யார் என்று வாக்கியமே கேட்கும். 'கிடப்பில் கிடக்கிறது' என்று மாற்றினால் அந்த வலுவும் போய்விடும்.

'விழித்துக்கொண்டது' என்பதற்கும் இதே கவனம் வேண்டும். குழந்தை ஒன்று மூடாத பள்ளத்தில் விழுந்த மறுநாள் அதிகாரிகள் ஓடிவந்து மூடினால் 'விழித்தது மாநகராட்சி' என்று தலைப்பு வரும். அந்தப் பள்ளத்தைப் பற்றி முன்பே புகார் வந்திருந்தால், அவர்கள் தெரிந்தே விட்டிருக்கிறார்கள். புகார் எண் கிடைத்தால் அதுதான் தலைப்பு.

சில இடங்களில் உருவகமும் உண்மையும் ஒன்றாகவே நிற்கும். அங்கே உருவகம் போலத் தெரிவதை உண்மையாக்கி எழுதவேண்டும். 'தூக்கத்தைத் தொலைத்த டெல்டா விவசாயிகள்' என்ற தலைப்பு கவலையைச் சொல்லும் வழக்கமான பேச்சாகவே படிக்கப்படும். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவித்த நெல்லுக்குக் காவலாக, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்காக, அவர்கள் நிஜமாகவே இரவில் தூங்குவதில்லை. எத்தனை இரவு என்று கேட்டு எழுதுங்கள். அவர் அங்கே படுத்திருக்கும் சாக்கையும், எடை போட எப்போது வரச்சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்போது அந்தப் பழைய தொடர் உயிர் பெறும்.

இறந்தவர்களின் துயில்

சாவைத் தூக்கமாகச் சொல்வது தமிழில் மிகப் பழைய மரியாதை. புறநானூற்று மன்னர்கள் பெயரிலேயே அது உண்டு: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். கொப்பம் போரில் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்ட முதலாம் இராசாதிராசனைச் சோழர் கல்வெட்டுகள் ஆனைமேல் துஞ்சியருளினவர் என்கின்றன. மெரினாவில் அண்ணாவின் நினைவிடக் கல்லிலும் இதயம் உறங்குவதாகவே பொறித்திருக்கிறது. அஞ்சலிக் கட்டுரையில் இந்த மரபைக் கையாள்வது தவறில்லை. செய்தியில் மட்டும் வேண்டாம். செய்தியில் 'இறந்தார்', 'காலமானார்' போதும். இராசாதிராசனுக்கு வந்தது தூக்கம் இல்லை என்பது கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். நம் வாசகருக்கு முந்தின நாள் நடந்தது தெரியாது.

'தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது' என்பது இன்னொரு வகை. அது மரபுத்தொடர் இல்லை, தகவல். யாரும் விழித்துப் பார்க்காத நேரத்தில் நடந்ததை யார் சொன்னார்கள் என்று எழுதவேண்டும்: குடும்பத்தார் சொன்னார்கள், மருத்துவர் சொன்னார். சந்தேக மரணம் என்றால் உடற்கூறாய்வு முடிவு வரும்வரை அந்தத் தொடரையே தொடாதீர்கள். காவல் நிலையத்தில் இறந்தவரைப் பற்றி 'தூக்கத்தில் இறந்தார்' என்று போலீஸ் தரப்பு சொன்னால், அது போலீஸ் தரப்பு சொன்னது மட்டுமே.

ஈழத்துச் செய்திகளைக் கையாள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாவீரர் துயிலும் இல்லம் என்பது விடுதலைப் புலிகள் தங்கள் போராளிகளைப் புதைத்த இடங்களுக்கு வைத்த பெயர். 2009இல் போர் முடிந்தபின் அந்த இடங்கள் இடிக்கப்பட்டன. கோப்பாயில் இருந்ததன் மேல் ராணுவ முகாமே எழுந்தது. நவம்பர் 27 அன்று தாய்மார்கள் அங்கே விளக்கேற்ற வருகிறார்கள். அது இடத்தின் பெயர் என்பதால் மேற்கோள் குறி போடாமல் அப்படியே எழுதுங்கள். மேற்கோள் குறி அங்கே ஏளனமாகப் படும். 'கல்லறை' என்று மாற்றினால் அங்கே வருபவர்களின் சொல்லை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் புதைக்கப்பட்டவர் என்று எழுதலாம். இன்னொன்று: யாழ்ப்பாணத்தார் பேச்சில் அன்றாடச் சொல் நித்திரை. தூங்குதலுக்குத் தொங்குதல் என்ற பழம்பொருள் அங்கே இன்னும் வழக்கில் உண்டு. அங்குள்ளவர் சொன்னதை மேற்கோளாகத் தரும்போது நித்திரையைத் தூக்கமாகத் திருத்தாதீர்கள்.

அந்தப் பழம்பொருளால்தான் தூக்குத் தண்டனையும் தூக்கமும் எழுத்தில் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. குரல்வழித் தட்டச்சில் 'தூக்கு' பல முறை 'தூக்க' என்று விழுகிறது. மரண தண்டனைச் செய்தியில் அந்த எழுத்துப்பிழை அச்சேறினால் ஒரு குடும்பத்தின் துயரம் கேலியாகிவிடும். இரண்டு கண்கள் பார்க்காமல் அந்தப் பக்கத்தை அனுப்பாதீர்கள். அதேபோல 'தூங்கிய டிரைவர், தூக்கிய எமன்' வகை எதுகைத் தலைப்புகள் எந்த மாலைப் பதிப்பிலும் இனி வேண்டாம்.

மொழிபெயர்ப்பு மேசையில்

ஆங்கில முகமைச் செய்தியில் ஓர் ஊரைத் தூக்கத்தோடு சேர்த்து வருணித்திருந்தால் அது சந்தடி இல்லாத சிற்றூர் என்றே பொருள். 'தூங்கும் நகரம்' என்று எழுதினால் மதுரைக்காரர்கள் குழம்பிப்போவார்கள். 'தூங்கா நகரம்' என்ற அடைமொழியை மதுரைச் செய்தி ஒவ்வொன்றிலும் ஒட்டவும் வேண்டாம். இரவுக் கடைகள், மாட்டுத்தாவணிப் பூச்சந்தை என்று இரவையே சொல்லும் செய்தியில் மட்டும் அதற்கு இடம் உண்டு. அங்கேயும் விழித்திருப்பவர் மூட்டை தூக்குபவரா, பூ கட்டுபவரா என்று சொல்லுங்கள்.

ரயிலில் ஸ்லீப்பர் என்றால் படுக்கை வசதிப் பெட்டி. தண்டவாளத்துக்குக் கீழே என்றால் குறுக்குக் கட்டை. கட்டை பெயர்ந்த செய்தியைப் பெட்டி கவிழ்ந்ததாக எழுதிவிடக் கூடாது. ஸ்லீப்பர் செல் என்ற சொல் 2012இல் வந்த 'துப்பாக்கி' படத்தால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. 2017இல் டி.டி.வி. தினகரன் எதிரணியில் தன் ஆட்கள் இருப்பதாகச் சொல்ல அதையே கையாண்டார். அரசியலில் அவர் சொன்னதாக எழுதலாம். பயங்கரவாத வழக்கில் ஒருவரை அப்படிக் குறிப்பிட விசாரணை அமைப்பின் ஆவணம் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் 'சந்தேகத்தின் பேரில் கைதானவர்' மட்டுமே. எரிமலைக்கு உறங்குதல் பாடநூல் வழக்கு, தாராளமாக எழுதலாம். ஆனால் அந்தமானின் பாரன் தீவை உறங்கும் எரிமலை என்று எழுதாதீர்கள். 1991இல் எழுந்தது முதல் அது செயல்படும் எரிமலை.

கடைசியாகப் புகைப்படம். மேடையிலோ அவையிலோ கண்மூடியிருக்கும் தலைவரின் படம் கிடைத்தால் உடனே 'தூங்கி வழிந்தார்' என்று தோன்றும். ஒரு படம் ஒரு வினாடியின் சிறு துண்டு; இமைத்தாலும் அப்படித்தான் விழும், பிரார்த்தனை செய்தாலும் அப்படித்தான் விழும். புகைப்படக்காரரிடம் அடுத்தடுத்த படங்களைக் கேளுங்கள். சில நிமிடங்கள் அவர் அப்படியே இருந்தது படங்களின் நேரக்குறிப்பில் தெரிந்தால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதி, அவர் தரப்பையும் கேட்டு வெளியிடுங்கள். மக்கள் வரியில் சம்பளம் வாங்குபவர் விவாத நேரத்தில் தூங்கினால் அது செய்திதான். இரவுப் பணியில் மேசையில் தலை சாய்த்த செவிலியரின் காணொளி வந்தாலும் அதே கேள்விகளைக் கேளுங்கள்; கூடுதலாக, அன்று அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், அவர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்பதையும். அந்த எண்கள் வராத வரை காணொளியை ஏற்றாதீர்கள்.